தெருவுக்குத் தெரிந்த மரணம்: வீட்டு விற்பனையில் சொல்லும் கடமை

1. கேள்வி

வீடு வாங்க நினைப்பவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். தாய்ப்பத்திரம் தொடங்கி எல்லாப் பத்திரங்களையும் வழக்கறிஞரிடம் கொடுத்துச் சட்டக் கருத்து வாங்குகிறார். தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து சுவர் விரிசலையும் மாடித் தளத்தின் ஒழுக்கையும் பார்க்கச் சொல்கிறார். இத்தனை சோதனைக்கும் பிடிபடாமல் ஒரு செய்தி தங்கிவிடலாம். அந்த வீட்டுக்குள் கொலையோ தற்கொலையோ நடந்ததா என்பதே அது. விற்பவருக்கு அது தெரியும். எதிர்வீட்டாருக்கும் தெருமுனையில் துணி தேய்ப்பவருக்கும் தெரியும். முன்பணம் கொடுக்கப்போகிறவருக்குத் தெரியாது.

இந்தச் செய்தியை, வாங்குபவர் கேட்காதபோதும், விற்பவர் தாமாகவே சொல்ல வேண்டுமா? எல்லா மரணத்தையும் சொல்ல வேண்டுமா, சிலவற்றை மட்டுமா? எத்தனை ஆண்டுகளுக்கு? இக்கட்டுரை இக்கேள்விகளை அமெரிக்க நீதிமன்றங்களின் மூன்று தீர்ப்புகள், ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநில விதி, ஜப்பான் அரசு 2021இல் வெளியிட்ட வழிகாட்டி ஆகியவற்றின் துணையோடு ஆராய்கிறது. பிறகு இந்தியச் சட்டங்களுக்கும் தமிழ்நாட்டு நடைமுறைக்கும் வருகிறது.

மரணத்தைச் சொல்லும் கடமையை வீட்டின் விலையை வைத்தோ ஆவி நம்பிக்கையை வைத்தோ தீர்மானித்தால் அநியாயத்தில் முடியும் என்பது என் வாதம். ஊரார் அறிந்த ஒன்றை வாங்குபவருக்கு மட்டும் மறைத்து அவரிடம் விற்பதுதான் தவறு. அந்தத் தவறைத் தடுக்கும் அளவுக்குக் கடமை இருக்க வேண்டும். அதைத் தாண்டி விரிந்தால் அது முதியவர்களையும் நோயாளிகளையும் வீடற்றவர்களாக்கும் கருவியாகிவிடும்.

2. மூன்று தீர்ப்புகள்

இத்துறையில் அதிகம் பேசப்படுவது கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் வழங்கிய ‘ரீட் எதிர் கிங்’ தீர்ப்பு. தனியாக வாழும் முதிய பெண்மணி ஒருவர் 76,000 டாலருக்கு ஒரு வீட்டை வாங்கினார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணும் அவருடைய நான்கு குழந்தைகளும் அங்கே கொல்லப்பட்டிருந்தார்கள். குடிவந்த பின் அண்டை வீட்டார் சொல்லித்தான் அவருக்கு அது தெரிந்தது. அந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்த்தால் வீட்டின் மதிப்பு 65,000 டாலர்தான் என்று அவர் வழக்குத் தொடுத்தார். தனியாக வாழும் முதிய பெண்மணிக்கு ஏற்ற வீடு என்று தம்மிடம் சொல்லப்பட்டதாகவும், கொலைபற்றிச் சொல்ல வேண்டாம் என்று அண்டை வீட்டாரை விற்பவர் கேட்டுக்கொண்டதாகவும் மனுவில் குறிப்பிட்டிருந்தார்.

விசாரணை நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, வழக்கு விசாரணைக்கு உரியது என்றது. அதன் தருக்கத்தில் இரண்டு புள்ளிகள் முக்கியமானவை. முதலாவது, கொலை அன்றாடம் நடப்பதன்று. ஆகவே வாங்குகிற ஒவ்வொருவரும் அதை எதிர்பார்த்துத் துருவி விசாரித்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, புகழ்பெற்றவர் தங்கிய வீட்டுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்றால், கெட்ட பெயர் விலையைக் குறைக்கும் என்பதையும் சட்டம் ஏற்க வேண்டும். அதே சமயம், இதற்கு எல்லை எங்கே, அர்த்தமற்ற வெறுப்புகளுக்கெல்லாம் நீதிமன்றம் துணைபோக வேண்டியிருக்குமா என்ற கவலையும் தீர்ப்பில் வெளிப்படுகிறது.

இரண்டாவது தீர்ப்பு நியூயார்க்கிலிருந்து. ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள நையாக் என்ற சிற்றூரில் ஒரு பழைய வீடு. தம் வீட்டில் ஆவிகள் உலவுவதாக அதன் உரிமையாளர் உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குச் சொல்லியிருந்தார். 1977இல் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழிலும் அது வந்தது. வெளியூரிலிருந்து வந்து 6,50,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டவருக்கு இது தெரியாது. தெரிந்தபின் ஒப்பந்தத்தை நீக்கக் கோரினார். 1991இல் ‘ஸ்டாம்போவ்ஸ்கி எதிர் ஆக்லி’ வழக்கில், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மேல்முறையீட்டு அமர்வு அதை அனுமதித்தது. ஆவி உண்டு என்று உலகுக்கே அறிவித்துவிட்டு வாங்குபவரிடம் மட்டும் மறுக்க முடியாது. அந்த அளவில் சட்டத்தின் பார்வையில் அது ஆவி உலவும் வீடுதான் என்றது. இந்த வரி பரபரப்பாகப் பரவியதால், ஆவி உண்டென்று நீதிமன்றம் நம்பிவிட்டது என்று பலரும் எழுதினார்கள். உண்மையில் அமர்வு ஆவியைப்பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. விற்பவர் தாமே பரப்பிய, எந்தக் கட்டடச் சோதனையிலும் பிடிபடாத ஒரு பெயரைப்பற்றித்தான் சொன்னது.

மூன்றாவது தீர்ப்பு எதிர்த்திசையில் நிற்கிறது. பென்சில்வேனியாவில் 2006இல் கணவர் மனைவியைக் கொன்று தாமும் இறந்த ஒரு வீட்டை, அடுத்த ஆண்டு வேறு மாநிலத்திலிருந்து வந்த ஒருவர் 6,10,000 டாலருக்கு வாங்கினார். நடந்தது அவருக்குச் சொல்லப்படவில்லை. ‘மில்லிகன் எதிர் ஜகோனோ’ வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 2014இல், கொலையும் தற்கொலையும் வீட்டின் குறைபாடு ஆகாது, சொல்ல வேண்டிய கடமை இல்லை என்று முடிவு செய்தது. எந்த மரணம் மனத்தைப் பாதிக்கும், எது பாதிக்காது என்று வரிசைப்படுத்த இயலாது, ஒரு வன்முறையைச் சொல்லச் சொன்னால் மற்ற எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அதன் காரணம்.

மூன்றையும் அருகருகே வைத்தால், முதல் இரண்டிலும் வாங்குபவர் வென்றதற்கு ஒரே காரணம் தெரிகிறது. இரண்டிலும் ஊருக்குத் தெரிந்தது வாங்க வந்தவருக்குத் தெரியவில்லை. ஒரு விற்பவர் அண்டை வீட்டாரின் வாயை அடைக்கப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. இன்னொருவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வாங்குபவரிடம் மட்டும் சொல்லவில்லை. பென்சில்வேனியா நீதிமன்றம் குறைபாடு வீட்டில் இருக்கிறதா என்று தேடியது. வீட்டில் எதுவும் இல்லை என்பது உண்மைதான். தவறு விற்பவரின் நடத்தையில் இருக்கலாம் என்ற கேள்விக்கு அது போதிய இடம் தரவில்லை.

3. விலை அளவுகோல் ஆகுமா?

சொல்ல வேண்டும் என்பவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது விலை. விலை குறைவது உண்மை. ஹாங்காங் அடுக்ககங்களை ஆராய்ந்து பொருளியலாளர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரை, இயற்கைக்கு மாறான மரணம் நிகழ்ந்த குடியிருப்பின் விலை சராசரியாக 20 சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டது. அதே தளத்தின் மற்ற வீடுகளுக்கு 10 சதவீதமும், அதே கட்டடத்தின் வீடுகளுக்கு 7 சதவீதமும் குறைகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, இப்படிப்பட்ட வீடுகள் 3 சதவீதம் அளவே குறைந்து விற்றன, ஆனால் விற்க நெடுநாள் ஆயிற்று என்றது. ஒரே வகை நிகழ்வுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு விலை. வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்தை இந்த எண்கள் அளக்கவில்லை. அந்தந்தச் சமூகத்தின் அச்சத்தை அளக்கின்றன.

விலையைப் பாதிப்பது எதுவோ அதைச் சொல்ல வேண்டும் என்ற விதியைத் தமிழ்நாட்டில் பொருத்திப் பார்த்தால் அதன் ஆபத்து புரியும். முன்பு குடியிருந்தவர் எந்தச் சாதி, பக்கத்து வீட்டில் எந்த மதத்தவர், மேல்தளத்தில் யார் வாடகைக்கு இருக்கிறார்கள் என்ற கேள்விகள் நம் ஊர்களில் வீட்டு விலையையும் வாங்குவோர் எண்ணிக்கையையும் பாதிக்கின்றன. தரகர்கள் இவற்றைத் தணிந்த குரலில் விசாரிப்பதை வீடு தேடி அலைந்த எவரும் கேட்டிருப்பார்கள். விலையே அளவுகோல் என்றால் இவற்றையும் விற்பவர் சொல்லக் கடமைப்பட்டவராகிறார். வெறுப்புக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது என்பதாலேயே சட்டம் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

அமெரிக்காவிலேயே இந்த ஆபத்து நேர்ந்தது. 1980களில் எய்ட்ஸ் பற்றிய பீதி பரவியபோது, எய்ட்ஸ் நோயாளி வாழ்ந்த வீட்டை வாங்க மக்கள் தயங்கினார்கள். சுவரையும் தரையையும் தொட்டு அந்நோய் பரவாது என்பதால் வாங்குபவருக்குத் தீங்கு எதுவும் இல்லை; விலைக்கு மட்டும் தீங்கு. கலிஃபோர்னியாவின் குடிமைச் சட்டத் தொகுப்பில் அக்காலத்தில் சேர்க்கப்பட்ட 1710.2ஆம் பிரிவு இதற்குத் தெளிவான வரம்பு கட்டியது. குடியிருந்தவருக்கு எச்.ஐ.வி. இருந்ததையோ அவர் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்ததையோ சொல்லாமல் விட்டதற்காக விற்பவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. விலை குறையும் என்று தெரிந்தே அந்தச் செய்தியைச் சட்டம் காத்தது. விலையைவிட மேலான அளவுகோல் ஒன்று உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

4. எத்தனை காலம்?

அதே 1710.2ஆம் பிரிவு காலவரம்பு ஒன்றையும் வைக்கிறது. வாங்குபவர் விலை பேச முன்வரும் நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்த மரணத்தையோ, அது நிகழ்ந்த விதத்தையோ தாமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவர் நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அதற்குக் கால எல்லை கிடையாது. இந்த விதி முன்பே இருந்திருந்தால், 1983ஆம் ஆண்டு வழக்கின் முதிய பெண்மணிக்குப் பத்து ஆண்டுக்கு முந்தைய கொலையைத் தாமாகச் சொல்லும் கடமை விற்பவருக்கு இருந்திருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டமன்றம் நீதிமன்றத்தைவிட எச்சரிக்கையாக அடியெடுத்து வைத்தது.

தெற்கு டகோட்டாவில் விற்பவர் நிரப்பித் தரும் படிவம், கடந்த 12 மாதங்களுக்குள் கொலையோ தற்கொலையோ நடந்ததா என்று கேட்கிறது. நியூ சௌத் வேல்ஸ் ஐந்து ஆண்டுகள் என்கிறது. அந்த விதிக்குப் பின்னணியில் ஒரு துயர நிகழ்வு உண்டு. சிட்னியின் வடக்கு ரைட் பகுதியில் 2001இல் ஒரு குடும்பத்தில் மூவர் கொல்லப்பட்டார்கள். அந்த வீட்டை 2004இல் 8,00,000 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்ட பௌத்தத் தம்பதிக்குக் கொலையைப்பற்றி யாரும் சொல்லவில்லை. செய்தித்தாள் வழியே அறிந்தபின் அவர்கள் பின்வாங்கினார்கள். ஒப்பந்தம் நீக்கப்பட்டது, முகவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இன்று அம்மாநிலத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கொலை நடந்த சொத்தென்றால் முகவர் அதை மறைக்கக் கூடாது.

ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்ற எண்களில் அறிவியல் எதுவும் இல்லை. துக்கத்துக்கும் அச்சத்துக்கும் ஒரு முடிவு தேவை என்ற சமூக உணர்வு இருக்கிறது. அந்த உணர்வு நமக்குப் புதிதன்று. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகிய நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் தனிஷ்டா பஞ்சமி என்று சொல்லி, இறந்த அறையையோ வீட்டையோ ஆறு மாதம் அடைத்துவைக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. வேறு சில நட்சத்திரங்களுக்கு நான்கு மாதம், மூன்று மாதம், இரண்டு மாதம் என்று பஞ்சாங்கங்கள் அட்டவணை போடுகின்றன. நாள் முடிந்ததும் அறையைத் திறந்து, கழுவி, சாந்தி செய்து, மறுபடி புழங்குகிறார்கள்.

இவ்வழக்கத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நம் ஆய்வுக்கு இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, அடைப்புக்கு முடிவு நாள் உண்டு. அதன்பின் வீடு பழையபடி வீடுதான். இன்னொன்று, அடைப்பை இறந்த நாளின் நட்சத்திரம் தீர்மானிக்கிறது. இறந்தவரின் நோயோ வயதோ நிலைமையோ கணக்கில் வருவதில்லை. மரணம் நிகழ்ந்த வீடு என்றைக்கும் ஆகாத வீடு என்பதே தமிழர் மரபு என்று சிலர் பேசும்போது, அந்த மரபே வகுத்த காலவரம்பை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

5. ஜப்பான்: முதியவர்களை முன்னிறுத்திய விதி

இப்பிரச்சினையை மிக விரிவாகச் சிந்தித்த நாடு ஜப்பான். அங்கே மக்கள்தொகையில் ஏறக்குறைய 29 சதவீதத்தினர் 65 வயதைக் கடந்தவர்கள். தனியாக வாழ்ந்து, தனியாக இறந்து, பல நாள் கழித்துக் கண்டறியப்படும் முதியவர்கள் அங்கு ஒரு சமூகத் துயரம். மரணம் நடந்த வீடுகளைப் புள்ளியிட்டுக் காட்டும் வரைபடம் ஒன்று 2005 முதல் இணையத்தில் இருக்கிறது. வாடகை குறையும் என்ற பயத்தில் வீட்டு உரிமையாளர்கள் தனித்து வாழும் முதியவருக்கு வீடு தரவே மறுக்கத் தொடங்கினார்கள். எந்த மரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதில் தெளிவில்லாததால் எல்லா மரணமும் ஆபத்தாகத் தெரிந்தது. அந்தச் சுமை உயிரோடிருக்கும் முதியவர்களின் தலையில் விழுந்தது.

நிலம், உள்கட்டமைப்பு, போக்குவரத்து, சுற்றுலா அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு விடை தேடியது. முதுமையாலும் நோயாலும் நேரும் மரணத்தை, விற்பனையிலும் வாடகையிலும், பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கட்டில் தவறி விழுதல், குளியல் தொட்டியில் மூழ்குதல், உணவு தொண்டையில் சிக்குதல் போன்ற அன்றாட விபத்துகளும் அப்படியே. கொலை, தற்கொலை ஆகியவற்றையும், இயற்கை மரணமே ஆனாலும் நெடுநாள் கழித்துக் கண்டறியப்பட்டுச் சிறப்புத் துப்புரவு செய்ய நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். வாடகை என்றால் ஏறத்தாழ மூன்று ஆண்டுக்குப் பின் அந்தக் கடமை தீர்கிறது. விற்பனைக்கு அப்படிக் கால எல்லை வைக்கவில்லை. வாங்குபவரோ குடிவருபவரோ கேட்டால் எத்தனை காலம் கழிந்திருந்தாலும் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அதில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி, சொல்லும்போது எதைச் சொல்லக் கூடாது என்று வகுத்திருப்பது. இறந்தவரின் பெயர், வயது, குடும்ப நிலை, இறந்த முறையின் விவரம், உடல் கிடந்த நிலை ஆகியவற்றை முகவர் வெளியிட வேண்டியதில்லை. இறந்தவரின் மானத்துக்கும் குடும்பத்தாரின் அமைதிக்கும் மதிப்புத் தர வேண்டும் என்று அது அறிவுறுத்துகிறது. வாங்குபவர் முடிவெடுக்கத் தேவையானது வேறு, ஊரின் ஆர்வத்துக்குத் தீனியாவது வேறு என்ற பிரிப்பு இங்கே சட்ட மொழியில் வந்துவிட்டது.

இந்த வழிகாட்டியிலும் குறை உண்டு. விற்பனைக்குக் காலவரம்பு இல்லாததால், தலைமுறைக்கு முந்தைய தற்கொலையும் விற்பவரைத் தொடர்கிறது. தனியாக இறந்து தாமதமாகக் கண்டறியப்பட்டவரின் மரணம் சொல்ல வேண்டிய பட்டியலில் இருப்பதால், தனித்து வாழும் முதியவர்மீது உரிமையாளர்களின் பயம் முழுதாக நீங்கவும் வழியில்லை. ஆனால் விதி யாரை மனத்தில் வைத்து எழுதப்பட வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி சரியாகக் கண்டுகொண்டது.

6. இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவின் முதல் உட்பிரிவிலேயே விற்பவரின் கடமையை வைக்கிறது. சொத்திலோ உரிமை மூலத்திலோ உள்ள முக்கியமான குறைபாடு விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டறிய முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடியாகக் கருதப்படும். இப்பிரிவில் மரணம் என்ற சொல் இல்லை. பென்சில்வேனியா நீதிமன்றத்தைப்போலப் படித்தால், குறைபாடு என்பது கட்டடத்திலும் உரிமையிலும் உள்ளது மட்டுமே என்று வாதிடலாம். ஆனால் ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது, தேடினாலும் கிடைக்காது என்ற மூன்று நிபந்தனைகளும், ‘ரீட்’ வழக்கின் நீதிபதிகள் கையாண்ட தருக்கத்தோடு அப்படியே பொருந்துகின்றன. அந்த வகையில் நம் சட்டத்தின் அடிப்படை வலுவானது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் மௌனத்தைப்பற்றிப் பேசுகிறது. வெறும் மௌனம் மோசடி ஆகாது. பேச வேண்டிய கடமை இருக்கும்போதும், மௌனமே பேச்சுக்குச் சமமாகும்போதும் அது மோசடியாகும். இதை விளக்க அச்சட்டமே ஒரு குதிரை விற்பனையை எடுத்துக்கொள்கிறது. குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தும் விற்பவர் ஏலத்தில் வாய்திறக்கவில்லை என்றால் அது மோசடி அன்று. வாங்குபவர் அவருடைய மகளாக, அப்போதுதான் உரிய வயதை எட்டியவளாக இருந்தால், உறவே சொல்லும் கடமையை உண்டாக்குகிறது. வாங்குபவர், நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். வீடு வாங்குபவருக்கு இந்தக் கடைசி விளக்கம் பெரிய துணை. ‘இந்த வீட்டில் துர்மரணம் எதுவும் நடக்கவில்லை என்று நம்பித்தான் முன்பணம் தருகிறேன்’ என்று அவர் எழுத்தில் சொல்லிவிட்டால், அதன்பின் விற்பவர் காக்கும் மௌனத்துக்குச் சட்டத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.

பத்திரக் கட்டுக்குள்ளேயே மரணத்தின் தடயங்கள் கிடக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. விற்பவருக்குச் சொத்து வாரிசாக வந்திருந்தால், முந்தைய உரிமையாளரின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கட்டில் இருக்கும். இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் என்று ஒரு வரி உண்டு. அங்கே மருத்துவமனையின் பெயருக்குப் பதில் வீட்டு முகவரி இருந்தால், வாங்குபவர் கையில் விடை வந்துவிட்டது. ஆனால் அவர் இறந்த காரணத்தை அதில் தேட முடியாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969, 17ஆம் பிரிவில், பதிவேட்டிலிருந்து தரும் எந்த நகலிலும் மரணத்தின் காரணத்தை வெளியிடக் கூடாது என்று தடுக்கிறது. மரணம் நடந்த இடம் ஆவணத்தில் தெரியலாம், அதன் காரணம் காக்கப்பட வேண்டும் என்ற ஜப்பானின் பிரிப்புக்கு நெருங்கிய ஒன்று நம் சட்டத்தில் அரை நூற்றாண்டாக இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் சொல்வதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இயற்கையான மரணத்தையும் மற்றதையும் பிரிக்கும் கோட்டையும் நாம் புதிதாகக் கீற வேண்டியதில்லை. தற்கொலை, கொலை, விபத்து, சந்தேக மரணம் ஆகியவற்றைக் காவல்துறை விசாரிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு வழிசெய்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு அதையே செய்கிறது. காவல் நிலையத்தில் பதிவான மரணமா, படுக்கையில் நேர்ந்த மரணமா என்பது எந்த விற்பவருக்கும் ஐயமின்றித் தெரிந்த ஒன்று.

7. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, தமிழ்நாட்டில் யாரும் அக்கம்பக்கம் விசாரிக்காமல் வீடு வாங்குவதில்லை. தேநீர்க் கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். ஆகவே தனிக் கடமை தேவையில்லை என்பது. கிராமத்திலும் சிறு நகரத்திலும் இது பெருமளவு உண்மை. ஆனால் தாம்பரத்தில் அடுக்ககம் பார்க்க வரும் திருநெல்வேலிக்காரரும், துபாயிலிருந்து அதிகாரப் பத்திரம் கொடுத்து வாங்குபவரும் எந்தத் தேநீர்க் கடையில் விசாரிப்பார்கள்? அடுக்ககத்திலோ, தங்கள் வீட்டு விலையும் குறையும் என்பதால் சங்கத்தாரே வாய்திறக்கத் தயங்குவார்கள். ஹாங்காங்கில் அதே தளத்து வீடுகள் 10 சதவீதம் விலை இழப்பதைப் பார்த்தோம். அந்த இழப்பே அண்டை வீட்டாரையும் மௌனத்தில் பங்காளிகளாக்கும்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்குபவருக்கு எல்லாவற்றையும் அறியும் உரிமை உண்டு, முதியவர் இயற்கையாக இறந்ததையும் ஏன் மறைக்க வேண்டும் என்பது. முதியவர்கள் தம் வீட்டில், தம் கட்டிலில், பிள்ளைகள் சூழ இறப்பதையே நற்சாவு என்று நம் பெரியவர்கள் விரும்பினார்கள். அதைக் குறைபாடாகப் பட்டியலிட்டால், மூச்சு இழுக்கும்போதே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய கட்டாயம் குடும்பங்களுக்கு வரும். வாடகைக் குடும்பங்களுக்கு இது ஏற்கெனவே நேர்கிறது. மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவர உரிமையாளர் அனுமதிக்காமல், நேராக மயானத்துக்கு எடுத்துப்போகும் குடும்பங்கள் நம் நகரங்களில் இருக்கின்றன. அந்தக் கொடுமைக்குச் சட்டத்தின் முத்திரை கிடைக்கக் கூடாது.

மூன்றாவது, தற்கொலையைச் சொல்லச் சொன்னால் துயரத்தில் உள்ள குடும்பத்துக்கு இரட்டைத் தண்டனை ஆகாதா என்பது. இந்த மறுப்புக்கு வலு உண்டு. பிள்ளையை இழந்து, அந்த வீட்டில் இருக்க மனமின்றி விற்பவர்கள்தான் பெரும்பாலும் இந்தச் சூழலில் இருப்பவர்கள். அவர்களிடம் விவரம் கேட்பது மனிதத்தன்மையன்று. ஆனால் வாங்குபவர் குடிவந்த மறுவாரமே தெருவில் யாரோ சொல்லத்தான் போகிறார்கள். அதன்பின் எழும் சண்டையும் வழக்கும் அக்குடும்பத்தை மீண்டும் அந்த நாளுக்கே இழுத்துச் செல்லும். ஒரு வரியில், விவரமின்றி, முன்கூட்டிச் சொல்லிவிடுவது இருவருக்கும் குறைந்த வேதனை. காலவரம்பும் விவரத் தடையும் இல்லாமல் இந்தக் கடமையை நான் ஆதரிக்க மாட்டேன்.

8. முடிவாகச் சில பரிந்துரைகள்

மேலே கண்ட சான்றுகளிலிருந்து, தமிழ்நாட்டு விற்பனைகளுக்கு ஐந்து விதிகளை முன்வைக்கலாம்.

முதலாவது, முதுமை, நோய், அன்றாட விபத்து ஆகியவற்றால் நேர்ந்த மரணத்தைத் தாமாகச் சொல்லும் கடமை விற்பவருக்கு இல்லை. தாமதமாகக் கண்டறியப்பட்டதால் தரையோ சுவரோ கெட்டிருந்தால் அந்தப் பழுதைச் சொல்ல வேண்டும். அது கட்டடக் குறைபாடு என்பதால் 55ஆம் பிரிவே போதும்.

இரண்டாவது, வீட்டுக்குள் நிகழ்ந்த கொலையையும் தற்கொலையையும், நடந்து மூன்று ஆண்டு ஆகும்வரை, விற்பவர் தாமாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் நடந்ததற்கும் பொதுப் படிக்கட்டில் நடந்ததற்கும் இக்கடமை நீளக் கூடாது.

மூன்றாவது, வாங்குபவர் நேராகக் கேட்டால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், பொய் சொல்லக் கூடாது. தரகருக்கும் இதே கடமை உண்டு. அண்டை வீட்டாரை வாய்மூடச் சொல்வதைப் பொய்க்குச் சமமாகவே கருத வேண்டும்.

நான்காவது, சொல்வது ‘இயற்கைக்கு மாறான மரணம் ஒன்று இந்த ஆண்டில் நிகழ்ந்தது’ என்ற அளவோடு நிற்க வேண்டும். இறந்தவரின் பெயர், காரணம், முறை, நோய் எதையும் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு இல்லை.

ஐந்தாவது, இதைக் கிரயப் பத்திரத்தில் எழுதக் கூடாது. வில்லங்கம் ஏதுமில்லை, பின்னர் ஏதேனும் வந்தால் நானே தீர்த்துத் தருகிறேன் என்று விற்பவர் உறுதி சொல்லும் பத்தியோடு இதையும் சேர்த்துவிடலாம் என்று சில வழக்கறிஞர்கள் நினைக்கக்கூடும். பதிவான பத்திரம் அழியாத ஆவணம். பேரப்பிள்ளைகள் காலத்திலும் நகல் எடுத்துப் படிக்கலாம். மூன்று ஆண்டில் முடிய வேண்டியதை அது முந்நூறு ஆண்டு நீட்டிவிடும். முன்பணம் கைமாறும் முன், விற்பனை ஒப்பந்தத்தோடு தனிக் கடிதமாகக் கொடுத்து, வாங்குபவரின் கையொப்பம் பெற்றுக்கொள்வதே பொருத்தம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. விற்பனை ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞரும் ஆவண எழுத்தரும் வாங்குபவர் சார்பில் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கினாலே, ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்குக் காவல் நிற்கும். பத்திரப் பதிவுத் துறை ஒரு மாதிரிக் கடிதத்தை வெளியிட்டால் நடைமுறை சீராகும். இயற்கை மரணம் குறைபாடன்று என்ற ஒரு வரியை அரசு அதில் தெளிவாகச் சேர்க்க வேண்டும். வயதானவருக்கும் தீரா நோயாளிக்கும் வீடு தர மறுப்பவர்கள் இன்று சொல்லும் சாக்கு, அந்த ஒரு வரியால் சட்டத்தின் ஆதரவை இழக்கும்.